கீரைக்கு இடும் இயற்கை உரத்திலிருந்து கன உலோகம் இலைக்கு ஏறுமா?

சென்னைப் புறநகரில் வீட்டுக்குப் பின்னால் உள்ள பத்து சென்ட் நிலத்திலும் மொட்டை மாடியில் பைகளிலும் அரைக்கீரை, சிறுகீரை, பாலக், பொன்னாங்கண்ணி வளர்த்துவரும் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். யூரியாவையும் கலப்பு உரத்தையும் அறவே விட்டுவிட்டு, மூன்று ஆண்டுகளாக நகரக் கழிவிலிருந்து செய்த மக்கு உரம், கோழி எரு, மண்புழு உரம் ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றி இட்டு வருகிறார். இத்தகைய உரங்களில் கன உலோகங்களான காட்மியமும் ஈயமும் இருக்கின்றன, அவை கீரையில் சேருகின்றன என்று ஒருவர் சொன்னதிலிருந்து அவருக்கு மனம் அமைதியாக இல்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கீரை என்பதால் கேட்கிறேன், பேசாமல் ரசாயன உரத்துக்கே திரும்பிவிடவா என்று எழுதியிருக்கிறார்.

திரும்ப வேண்டியதில்லை. ஆனால் அவருடைய அச்சம் ஆதாரமற்றதும் அல்ல. இயற்கை உரம் கன உலோகங்களைப் பொறுத்தவரை ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிரான வேலைகளைச் செய்கிறது. தன்னோடு உலோகத்தை மண்ணுக்குக் கொண்டுவருகிறது. அதே சமயம், மட்காக, அதாவது மண்ணோடு கலந்த மக்கிய கரிமப் பொருளாக மாறி அந்த உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்கு எளிதில் கிடைக்காமல் செய்கிறது. இந்த இரண்டில் எது மிஞ்சும் என்பது உரம் எந்தப் பொருளிலிருந்து செய்யப்பட்டது, எவ்வளவு இடப்பட்டது, மண்ணும் நீரும் எப்படிப்பட்டவை என்பவற்றைப் பொறுத்தது. பிடித்து வைக்கும் மட்கு நம் வெயிலில் சில ஆண்டுகளில் சிதைந்து குறைந்துவிடுகிறது; உலோகத்துக்குச் சிதைவு என்பதே கிடையாது. ஆகவே "இயற்கையா, ரசாயனமா" என்று கேட்பதைவிட, மூட்டைக்குள் எந்தக் குப்பை போனது என்று கேட்பதுதான் பயன்தரும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் உலோகம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். நாட்டு மாடோ கறவை மாடோ, புல்லும் வைக்கோலும் தவிடும் தின்னும் மாட்டின் சாணத்தில் காட்மியமும் ஈயமும் மிகக் குறைவு. தின்ற தீவனத்தில் இல்லாதது எருவில் வந்துவிடாது. கோழி எருவின் நிலை வேறு. பண்ணைக் கோழிகளின் தீவனத்தில் வளர்ச்சிக்காகவும் நோய்த் தடுப்புக்காகவும் துத்தநாகமும் தாமிரமும் சேர்க்கப்படுகின்றன. சேர்த்ததில் பெரும்பகுதியைக் கோழி எச்சத்தோடு வெளியேற்றிவிடுகிறது. அமெரிக்காவில் ராக்சர்சோன் என்ற ஆர்சனிக் சேர்மத்தைக் கோழித் தீவனத்தில் பல பத்தாண்டுகள் கலந்து வந்தார்கள். கோழியின் ஈரலில் கனிம ஆர்சனிக் தென்பட்ட பிறகு 2011-இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. அதுவரை கோழி எரு இடப்பட்ட நிலங்களில் ஆர்சனிக்கும் கூடவே இறங்கிக்கொண்டிருந்தது. தீவனத்தில் போட்டது வயலுக்கு வந்து சேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதிகம் கவலைப்பட வேண்டியது நகரக் கழிவு உரத்தைப் பற்றித்தான். காய்கறிக் கழிவும் சமைத்த மிச்சமும் தனியாக வந்தால் அவற்றில் கன உலோகம் அநேகமாக இல்லை. அவற்றோடு பழைய பேட்டரி, பெயின்ட் பூசிய மரத்துண்டு, உடைந்த மின்பொருள், குழல் விளக்கு, வண்ண பிளாஸ்டிக், தெருப் பெருக்கலில் சேரும் தூசு எல்லாம் ஒரே வண்டியில் வந்து, மக்கிய பிறகு சலிக்கப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பேட்டரியின் ஓட்டைச் சலித்து எடுத்துவிடலாம். அதற்குள் கரைந்து கசிந்த காட்மியத்தைச் சல்லடையால் பிரிக்க முடியாது. போபாலிலுள்ள இந்திய மண் அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நாட்டின் பல நகரங்களில் செய்யப்பட்ட மக்கு உரங்களை ஒப்பிட்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவும் இதுவே. வீட்டிலேயே தரம் பிரித்து வாங்கிய குப்பையிலிருந்து செய்த உரத்தில் கரிமச் சத்து கூடுதலாகவும் கன உலோகம் குறைவாகவும் இருந்தன. கலந்து வந்த குப்பையிலிருந்து செய்ததில் நிலைமை நேர்மாறாக இருந்தது. சாலை ஓரமாக நின்று "மட்கும் குப்பை, மட்காத குப்பை" என்று கேட்டு வாங்கும் தூய்மைப் பணியாளரின் உழைப்பு, நம் கீரையின் தரத்தோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதைப் பலர் உணர்வதில்லை.

இதில் பெரும்பாலானோர் கவனிக்காத இன்னொரு செயல்முறை உண்டு. குப்பை மக்கும்போது அதிலுள்ள கரிமப் பொருளில் ஏறக்குறைய பாதி, கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் போய்விடுகிறது, உலோகம் போவதில்லை. எனவே நூறு கிலோ உலர் குப்பையில் இருந்த அதே காட்மியம், ஐம்பது கிலோ உரத்தில் அடங்கிவிடுகிறது. செறிவு இரு மடங்காகிறது. "நன்றாக மக்கவைத்தால் நஞ்செல்லாம் போய்விடும்" என்ற நம்பிக்கை நோய்க் கிருமிகளைப் பொறுத்தவரை சரி. களை விதைகளைப் பொறுத்தவரை சரி. உலோகத்தைப் பொறுத்தவரை தவறு. மண்புழுவும் உலோகத்தை அழிப்பதில்லை. காட்மியத்தை ஓரளவு தன் உடலில் தேக்கி வைத்துக்கொள்கிறது. மீதம் எச்சத்தில் சற்று இறுகிய வடிவத்தில் வெளிவருகிறது. சுத்தமான சாணத்தையும் சருகையும் தின்ற புழுவின் உரம் சுத்தமானது. கலப்புக் குப்பையைத் தின்ற புழுவின் உரம் அந்தக் குப்பையைப் போன்றதே.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கழிவு உரத்துக்கு வரம்புகளை வகுத்திருக்கிறது. ஒரு கிலோவில் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100, குரோமியம் 50, நிக்கல் 50, ஆர்சனிக் 10, தாமிரம் 300, துத்தநாகம் 1000, பாதரசம் 0.15 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. மண்புழு உரத்துக்கும் காட்மியம், ஈயம், குரோமியம், நிக்கல் ஆகியவற்றில் இதே எண்கள்தாம். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த உர விதியில் இயற்கை உரத்துக்கான காட்மிய வரம்பு 1.5 மில்லிகிராம், நம்முடையது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். பாதரசத்தில் நம் வரம்பு அவர்களுடையதைவிடக் கடுமையானது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கீரைக்காரருக்கு இதில் முக்கியம் காட்மியம். "அரசு வரம்புக்குள் உள்ளது" என்ற முத்திரை இருந்தாலும், 4.8 மில்லிகிராம் உள்ள உரமும் 0.3 மில்லிகிராம் உள்ள உரமும் ஒரே தகுதியோடு விற்கப்படலாம் என்பதை அவர் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை அவருடைய பத்து சென்ட் நிலத்திலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்து சென்ட் என்பது சுமார் 405 சதுர மீட்டர். மேல்மண் 15 சென்டிமீட்டர் ஆழம் என்று கொண்டால் அது ஏறத்தாழ 79 டன் மண். கீரைக்கு எக்டேருக்கு 25 டன் தொழுஉரம் இடும் பழக்கத்தின்படி இங்கே ஆண்டுக்கு ஒரு டன் உரம் போகிறது. உரத்தில் காட்மியம் வரம்பை ஒட்டி 5 மில்லிகிராம் இருந்தால் ஆண்டுக்கு 5 கிராம் காட்மியம் மண்ணில் சேருகிறது. அது மண்ணின் காட்மியத்தைக் கிலோவுக்கு சுமார் 0.06 மில்லிகிராம் உயர்த்தும். மாசுபடாத மண்ணில் காட்மியம் பெரும்பாலும் அரை மில்லிகிராமுக்கும் கீழேதான் இருக்கும் என்பதால், எட்டு ஆண்டுகளில் அந்த நிலம் தன் இயற்கையான அளவுக்குச் சமமான இன்னொரு பங்கை வாங்கிக்கொள்கிறது. கீரை அறுத்து எடுப்பதால் குறையாதா என்றால், ஆண்டுக்கு ஒரு டன் கீரை அறுத்தாலும், அதில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் காட்மியம் இருந்தாலும், வெளியே போவது 0.1 கிராம்தான். உள்ளே 5 கிராம், வெளியே 0.1 கிராம். மண்ணில் போட்ட உலோகம் மண்ணிலேயே தங்கும் என்று மண்ணியலாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அதே நிலத்தில் 0.3 மில்லிகிராம் உள்ள நல்ல உரத்தை இட்டால் ஆண்டுக்கு 0.3 கிராம்தான் சேரும். ரசாயன உரத்தோடு ஒப்பிட விரும்புவோருக்காக இதையும் சொல்கிறேன். பாஸ்பேட் உரங்களிலும் காட்மியம் உண்டு, ஏனென்றால் அவை செய்யப்படும் பாறையிலேயே அது இருக்கிறது. ஐரோப்பிய வரம்பான, கிலோ பாஸ்பேட்டுக்கு 60 மில்லிகிராம் என்ற அளவை எடுத்துக்கொண்டு, எக்டேருக்கு 50 கிலோ பாஸ்பேட் வீதம் கணக்கிட்டால் பத்து சென்டுக்கு ஆண்டுக்கு 0.12 கிராம் வருகிறது. ஆக, எடையளவில் மிக அதிகமாக இடுவதால், நல்ல இயற்கை உரம்கூட பாஸ்பேட் உரத்தைப்போல இரண்டரை மடங்கு காட்மியத்தைக் கொண்டுவரலாம். இயற்கை வேளாண்மையை நேசிப்பவர்கள் இந்த உண்மையைக் கேட்டு வருந்த வேண்டியதில்லை, அந்த 0.3 கிராமோடு ஏராளமான மட்குப் பொருளும் வருகிறது, பாஸ்பேட் உரத்தோடு அப்படி எதுவும் வருவதில்லை. இயற்கை வேளாண்மையில் அனுமதிக்கப்பட்ட ராக் பாஸ்பேட்டும் அதே பாறையின் பொடிதான் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

மாடித் தோட்டத்தில் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. நிலத்தில் ஒரு டன் உரம் 79 டன் மண்ணில் கரைந்து போகிறது. பையில் மண், தென்னை நார்க் கழிவு, உரம் என மூன்றையும் சம அளவில் கலக்கிறோம். நார்க் கழிவு எடையே இல்லாதது என்பதால் உலர் எடையில் கணிசமான பங்கு உரத்தினுடையதுதான். 5 மில்லிகிராம் காட்மியம் உள்ள உரத்தைப் போட்டால் அந்தக் கலவையில் முதல் நாளிலேயே கிலோவுக்கு 1.5 முதல் 2 மில்லிகிராம் வரை இருக்கும். நிலத்தில் இவ்வளவு சேர ஏறக்குறைய கால் நூற்றாண்டாவது ஆகும். என்னைக் கேட்டால், நகரக் கழிவு உரத்தின் மூலம் தெரியாதபோது அதை மாடிப் பைக்குள் போடவே கூடாது; நிலத்துக்குக் கொஞ்சமாகப் போடுவதில்கூட அவ்வளவு ஆபத்து இல்லை.

இனி, மண்ணிலிருந்து இலைக்கு. எல்லா உலோகமும் ஒரேபோல ஏறுவதில்லை. இந்த இடத்தில்தான் பொதுவான பேச்சு மிகவும் குழம்பிக் கிடக்கிறது. காட்மியம் வேதியியலில் துத்தநாகத்தின் உடன்பிறப்பு. பயிரின் வேர் துத்தநாகத்தையும் இரும்பையும் மாங்கனீசையும் உள்ளே இழுக்க வைத்திருக்கும் புரத வாயில்களின் வழியாகவே காட்மியமும் நுழைந்துவிடுகிறது. நுழைந்தபின் நீரோட்டத்தோடு தண்டில் ஏறி, அதிக நீரை ஆவியாக்கும் பரந்த இலைகளில் தங்குகிறது. அதனால்தான் தானியத்தையும் காயையும்விட இலைக் காய்கறியில் அது கூடுதலாகச் சேருகிறது. அதிலும் பாலக், லெட்டூஸ், தண்டுக்கீரை இனங்கள் இதில் முன்னணியில் நிற்பவை. முட்டைக்கோஸ் ஒப்பீட்டளவில் குறைவாகவே ஏற்றிக்கொள்கிறது. கீரை வகைகளில் சிலவற்றை மாசுபட்ட நிலத்திலிருந்து காட்மியத்தை உறிஞ்சி எடுக்கப் பயன்படுத்த முடியுமா என்று ஆய்வு செய்யும் அளவுக்கு அவற்றுக்கு அந்த இயல்பு இருக்கிறது.

ஈயம் அப்படியல்ல. அது மண் துகள்களிலும் வேரின் புறத்திலும் இறுகப் பற்றிக்கொள்வதால் இலைவரை ஏறுவது மிகக் குறைவு. ஆனாலும் கீரையில் ஈயம் காணப்படுகிறது. காரணம், மழைத்துளியும் பூவாளி நீரும் தெறிக்கும் மண்ணும், சாலைத் தூசும் இலைமீது படிவதுதான். தரையோடு தரையாக வளரும் சிறுகீரையில் இந்த மண் ஒட்டல் கொடிப் பசலையைவிடப் பல மடங்கு அதிகம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டாலும், அதற்கு முன் பல பத்தாண்டுகளாகப் பழைய சாலைகளின் ஓரத்தில் இறங்கிய ஈயம் அங்கேயேதான் இருக்கிறது. பழைய வீடுகளின் சன்னல், கதவு, இரும்புக் கிராதி ஆகியவற்றிலிருந்து உரிந்து விழும் பெயின்ட்டும் அப்படியே. வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தை 90 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்புக்குள் கொண்டுவந்த விதி 2017-இன் இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே ஈயத்துக்கு மருந்து, உரத்தை மாற்றுவதைவிட, பாத்தியின் மேல் வைக்கோலோ சருகோ பரப்பி மண் தெறிக்காமல் பார்த்துக்கொள்வதும், கீரையை வேரோடு பிடுங்காமல் அடியிலிருந்து இரண்டு விரல்கடை விட்டு அறுப்பதும், மூன்று முறை நீர் மாற்றி அலசுவதும் ஆகும். நம் வீடுகளில் பாட்டிமார் அகலமான பாத்திரத்தில் கீரையை மிதக்கவிட்டு, மண் அடியில் தங்கும்வரை பொறுத்து, கீரையை மட்டும் மேலே அள்ளி எடுப்பார்களே, அதைவிடச் சிறந்த முறை எனக்குத் தெரியாது. அதே அலசல் காட்மியத்தைக் குறைக்காது. அது இலைக்குள் இருக்கிறது.

குரோமியம் இரண்டு வேதி வடிவங்களில் வரும். மூன்று இணைதிறன் கொண்டது வேரோடு நின்றுவிடும். ஆறு இணைதிறன் கொண்டது கரைந்து நகரக்கூடியது, நச்சுத்தன்மையும் மிகுந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் கழிவோடு தொடர்புடைய எந்த எருவையும் கீரைக்கு இட வேண்டாம் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆர்சனிக், நீர் தேங்கிக் காற்றில்லாமல் போன மண்ணில் கரைந்து வெளிவரும். காட்மியம் அதே மண்ணில் கந்தகத்தோடு சேர்ந்து இறுகிவிடும். சதுப்பில் வளரும் பொன்னாங்கண்ணிக்கும் வல்லாரைக்கும் இது பொருந்தும். ஆனால் அவற்றின் உண்மையான ஆபத்து உரத்தால் வருவதில்லை. சாக்கடை ஓரத்தில் பறிப்பதால் வருகிறது.

மண்ணின் தன்மைகளில் முதலிடம் பி.எச்., அதாவது அமில-கார அளவுக்கு. மண் புளிப்பாக ஆக ஆக, களிமண்ணும் மட்கும் பிடித்து வைத்திருந்த காட்மியம் விடுபட்டு நீரில் கரைகிறது. கோயம்புத்தூர்ப் பகுதியின் சுண்ணாம்பு கலந்த கரிசலில், பி.எச். 8-ஐ ஒட்டிய நிலையில், கணிசமான காட்மியம் இருந்தாலும் பயிருக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. நீலகிரியின் அமில மண்ணிலோ, கன்னியாகுமரியின் செம்புறை மண்ணிலோ அதே அளவு காட்மியம் மிகத் தாராளமாக இலைக்கு ஏறும். அங்கே டாலமைட் என்ற சுண்ணாம்புப் பாறைப் பொடியை இட்டு பி.எச். அளவை 6.5-க்கு அருகே கொண்டுவருவது, உரத்தை மாற்றுவதைவிட விரைவான பலன் தரும்.

இரண்டாவது, துத்தநாகம். வேரின் வாயிலில் துத்தநாகமும் காட்மியமும் போட்டியிடுகின்றன என்றேன். துத்தநாகம் பற்றாத மண்ணில் செடி அந்த வாயில்களை இன்னும் கூடுதலாகத் திறக்கிறது, காட்மியம் கூட்டத்தோடு உள்ளே வருகிறது. தமிழ்நாட்டு மண்களில் துத்தநாகப் பற்றாக்குறை பரவலாக இருப்பதால் இது ஏட்டுச் செய்தி மட்டுமல்ல. பற்றாக்குறை உறுதியானால் எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் என்ற வழக்கமான பரிந்துரையே போதும். பத்து சென்டுக்கு அது ஒரு கிலோ. இந்தக் கோணத்தில் பார்த்தால் கோழி எருவிலுள்ள துத்தநாகம் அளவோடு இருக்கும்வரை நமக்குத் துணைதான். அளவு மீறி ஆண்டுதோறும் கொட்டும்போதுதான் தாமிரமும் துத்தநாகமும் மண்ணின் நுண்ணுயிர்களைத் தாக்கத் தொடங்கும்.

மூன்றாவதை எச்சரிக்கையாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கேள்வி கேட்டவர் சென்னைக்காரர். பாசன நீரில் உப்பு கூடினால் அதிலுள்ள குளோரைடு காட்மியத்தோடு இணைந்து, மண் துகள்களிடமிருந்து அதை விடுவித்து, வேருக்கு அருகே நகர்த்திக்கொண்டு வருகிறது. ஆஸ்திரேலியாவில் உப்பு நீர் பாய்ந்த உருளைக்கிழங்கு வயல்களில் கிழங்கின் காட்மியம் ஏன் உயர்ந்தது என்று தேடியபோது, மண்ணிலிருந்த காட்மியத்தைவிட நீரிலிருந்த குளோரைடே அதை நன்றாக விளக்கியது. கடலோரச் சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்த்த வீடுகளில், கீரைக்கு மழைநீரையோ உப்பில்லாத நீரையோ பயன்படுத்துவது இதனாலும் நல்லது. நகரக் கழிவு உரத்திலும் சமையல் உப்பு இருக்கும் என்பது கூடுதல் கவலை.

இயற்கை உரம் பிடித்து வைக்கிறதே, அந்த நன்மை எவ்வளவு காலம் நிற்கும்? இதில் அறிஞர்களிடையே நெடுநாள் விவாதம் உண்டு. மட்கு சிதைந்ததும் உலோகம் மொத்தமாக விடுபடும் என்று ஒரு தரப்பும், கூடவே வந்த இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் அதைத் தொடர்ந்து பிடித்துக்கொள்ளும் என்று மறு தரப்பும் சொல்லி வந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்துக்குட்பட்ட வோபர்ன் பண்ணையில் 1942 முதல் 1961 வரை சாக்கடைக் கசடை உரமாக இட்டுக் காய்கறி வளர்த்தார்கள். நிறுத்திப் பல பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் உலோகத்தின் பெரும்பகுதி அதே மேல்மண்ணில் இருந்தது. அந்த மண்ணில் வளர்ந்த தீவனப் பயறுச் செடியின் வேர் முண்டுகளில் தழைச்சத்தை நிலைநிறுத்தும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் செயலிழந்திருந்தது. உரம் இட்டவர்கள் ஓய்வுபெற்றுப் போன பிறகும் அந்த மண் அவர்கள் இட்டதைச் சுமந்துகொண்டிருந்தது. நம் நாட்டு வெப்பத்தில் மட்கு இங்கிலாந்தைவிட விரைவாகச் சிதையும் என்பதால், இரு தரப்பில் எது சரியென்று தீரும்வரை காத்திராமல், சுத்தமான கரிமப் பொருளை ஆண்டுதோறும் கொஞ்சமேனும் இட்டு மட்கின் அளவைக் குறையவிடாமல் காப்பதே அறிவுடைமை. ஏற்கெனவே உலோகம் ஏறிய மண்ணில் இயற்கை உரத்தை நிறுத்துவது, பிடித்து வைத்திருக்கும் கையை விலக்குவதற்குச் சமம்.

இவ்வளவும் உடம்புக்கு எந்த அளவில் பொருட்டாகிறது? கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரம் இலைக் காய்கறிக்கு வகுத்த வரம்பு, பச்சை எடையில் கிலோவுக்குக் காட்மியம் 0.2 மில்லிகிராம், ஈயம் 0.3 மில்லிகிராம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைப்பதுபோல் நாளொன்றுக்கு 100 கிராம் கீரை உண்டால், வரம்பை எட்டிய கீரையிலிருந்து 20 மைக்ரோகிராம் காட்மியம் உள்ளே போகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராம் என்று நிர்ணயித்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது நாளைக்குச் சுமார் 21 மைக்ரோகிராம். வரம்பைத் தொட்ட கீரை மட்டுமே அதை ஏறக்குறைய நிரப்பிவிடும். சோறும் மற்றவையும் இன்னும் கணக்கில் வரவில்லை. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் பாதி அளவு கீரை கொடுத்தாலே எல்லை தாண்டிவிடும். நல்ல மண்ணில் நல்ல உரத்தில் வளர்ந்து 0.03 மில்லிகிராம் மட்டுமே கொண்ட கீரையில் இதே 100 கிராம் 3 மைக்ரோகிராமைத்தான் தரும். ஆகவே கீரையைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. கீரையின் மண்ணைப் பார்க்கச் சொல்கிறேன்.

காட்மியம் சிறுநீரகத்தில் தங்கி, பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் உலோகம். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் படுகையில் சுரங்கக் கழிவு கலந்த நீரில் விளைந்த அரிசியை உண்டவர்கள், பெரும்பாலும் பிள்ளை பெற்ற நடுவயதுப் பெண்கள், எலும்பு நொறுங்கி "இத்தாய் இத்தாய்", அதாவது "வலிக்கிறது, வலிக்கிறது" என்று கதறியதே அந்த நோயின் பெயராயிற்று. 1968-இல் அந்நாட்டு அரசு காட்மியமே காரணம் என்று ஏற்றுக்கொண்டது. அங்கிருந்த அளவுக்கும் நம் தோட்டத்து அளவுக்கும் தொடர்பில்லை. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பெண்கள் ஏன் அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்பதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. உடலில் இரும்புச் சத்து குறைந்தால் குடல் காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இரத்தசோகைக்காக நாம் கீரை கொடுக்கும் அதே பெண்ணின் உடல்தான் கீரையிலுள்ள காட்மியத்தையும் மிகுதியாக ஏற்கிறது. சுத்தமான கீரை என்ற கோரிக்கையில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கேள்வி கேட்டவர் இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நிலத்தைப் பரிசோதிக்கும்போது மண்வள அட்டையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அதில் வரும் பன்னிரண்டு அளவுகளில் துத்தநாகமும் தாமிரமும் உண்டு, காட்மியமும் ஈயமும் இல்லை. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் "மொத்தக் காட்மியம், மொத்த ஈயம்" என்று தனியாகக் கேட்க வேண்டும். முடிந்தால், பயிருக்குக் கிடைக்கக்கூடிய அளவைக் காட்டும் டி.டி.பி.ஏ. முறைப் பரிசோதனையையும் சேர்த்துக் கேட்கலாம். மண்ணோடு உரத்தையும் ஒருமுறை கொடுத்துவிட்டால், மூன்று ஆண்டுகளாக இட்டது என்ன என்பது தெரிந்துவிடும். கீரையையே பரிசோதித்தால் அறிக்கையிலுள்ள எண் உலர் எடைக்கா, பச்சை எடைக்கா என்று கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். கீரையில் பத்தில் ஒன்பது பங்கு நீர் என்பதால் உலர் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்பது பச்சை எடையில் 0.1 மில்லிகிராம்தான். செய்தித்தாள்களில் "வரம்பைப்போல் ஐந்து மடங்கு நஞ்சு" என்று வரும் தலைப்புகளில் சில, உலர் எடை எண்ணைப் பச்சை எடை வரம்போடு ஒப்பிட்டதால் பிறந்தவை.

உரத்தில், தெரிந்த மாட்டுக்காரரிடமிருந்து வாங்கும் தொழுஉரம், வீட்டுச் சமையலறைக் கழிவு, மரச்சருகு, நெல் உமிக்கரி ஆகியவற்றை முதலில் நாடலாம். தரம் பிரித்த குப்பையில் செய்யப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் மாநகராட்சி உரத்தையும் நிலத்துக்கு இடலாம். பழைய குப்பைமேடுகளைத் தோண்டிச் சலித்த மண் "உரம்" என்ற பெயரில் கிடைத்தால், பூச்செடிக்கோ நிழல் மரத்துக்கோ வைத்துக்கொண்டு, உண்ணும் பயிர் எதற்கும் அதைத் தொட வேண்டாம். குப்பையை எரித்த சாம்பலும், பெயின்ட் அடித்த மரத்தின் சாம்பலும் அப்படியே. விறகடுப்புச் சாம்பல் மட்டும் போதும். கோயில் மாலைகளை மக்கவைப்பவர்கள், குங்குமம் கலந்த பூக்களைத் தனியே ஒதுக்குவது நல்லது. நிறத்துக்காக ஈயச் சேர்மம் கலந்த குங்குமங்கள் சந்தையில் உண்டு. பஞ்சகவ்யம், மோர்க்கரைசல் போன்ற புளித்த கரைசல்களின் அளவு மிகச் சிறியது, அவற்றால் கவலை இல்லை. ஆனால் அவற்றைத் துத்தநாகப் பூச்சுள்ள தகர வாளியிலோ தாமிரப் பாத்திரத்திலோ ஊறவைக்க வேண்டாம். புளிப்பு உலோகத்தைக் கரைத்துவிடும். மண் பானையோ உணவுத் தர பிளாஸ்டிக் பீப்பாயோ போதும்.

மாடிப் பைகளில் ஏற்கெனவே நகரக் கழிவு உரம் சேர்ந்திருந்தால் அந்தக் கலவையைக் கொட்டிவிட வேண்டிய அவசியமில்லை. பரிசோதனை முடிவு வரும்வரை அவற்றில் தக்காளி, கத்தரி, வெண்டை, அவரை போன்ற காய்ப்பயிர்களை வைக்கலாம். காய்க்கு ஏறும் காட்மியம் இலைக்கு ஏறுவதைவிட மிகக் குறைவு. அரைக்கீரையும் பாலக்கும் புதிய செம்மண்ணும் சாணமும் கலந்த பைகளுக்கு இடம் மாறட்டும். கீழே உள்ள பத்து சென்ட் நிலத்தில் மூன்று ஆண்டுகள் இட்ட உரத்தால் பெரிதாக எதுவும் ஏறியிருக்க வாய்ப்பில்லை. மேலே காட்டிய கணக்கின்படி, மிக மோசமான உரமாக இருந்திருந்தாலும் உயர்வு கிலோவுக்கு 0.2 மில்லிகிராமை எட்டாது. அங்கே பி.எச். அளவைப் பார்த்து, துத்தநாகத்தைப் பார்த்து, உரத்தின் மூலத்தை மாற்றிக்கொண்டு, வழக்கம்போல் கீரை விதைக்கலாம்.